கும்பிடுபூச்சி வளர்ப்பில் வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது

வீட்டில் கும்பிடுபூச்சி வளர்ப்பவர்கள் கேட்பதெல்லாம் திரும்பத் திரும்ப அதே கேள்விகள்தான். "ரெண்டு நாளா சாப்பிடல", "தோல் உரிச்சதுல கால் கோணிப்போச்சு", "டப்பா நாறுது". பதில்களும் அநேகமாக அவையேதான் என்பதால் அறிகுறி வாரியாக எழுதி வைக்கிறேன். நம் தோட்டங்களில், வேலியோரச் செடிகளில் தென்படும் பெரிய பச்சை ஹைரோடுலா வகைதான் இங்கே கணக்கு. வயலின் வாத்தியம் போன்ற உடல்வாகு கொண்ட 'வயலின் கும்பிடுபூச்சி' என்ற வகையை வைத்திருப்பவர்களுக்குச் சில விதிகள் தலைகீழாக மாறும். அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும்.

ஒன்று, கடைசியாகத் தோல் உரித்தது எப்போது? நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. டப்பா மேல் ஒரு துண்டு டேப் ஒட்டித் தேதியை எழுதுங்கள்.

இரண்டு, டப்பா பூச்சியின் நீளத்தைப்போல் மூன்று மடங்கு உயரமும் இரண்டு மடங்கு அகலமும் இருக்கிறதா? மேற்கூரையில் கால் பற்றிக்கொள்ள வலை உண்டா?

மூன்று, கடந்த இரண்டு நாளில் வீட்டில் கொசுவத்தி, கொசு லிக்விட், கரப்பான் ஸ்ப்ரே, எறும்புச் சாக்பீஸ் ஏதாவது பயன்படுத்தினீர்களா?

பூச்சிக்கு என்ன நோய் என்று தேடுவதற்கு முன் டப்பாவுக்கு என்ன குறை என்று தேடுங்கள். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

அறிகுறி: சாப்பிட மறுக்கிறது

வயிற்றைப் பாருங்கள்.

*வயிறு தடித்திருக்கிறது, மற்றபடி சுறுசுறுப்பாக இருக்கிறது.* பசியில்லை, அவ்வளவுதான். வளர்ந்த பெண் ஒரு பெரிய சுவர்க்கோழியைத் தின்று முடித்தால் இரண்டு மூன்று நாள் இன்னொன்றை ஏறெடுத்தும் பார்க்காது. குஞ்சுகளுக்குத்தான் தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் தீனி.

*வயிறு தடித்திருக்கிறது, கூரையில் தலைகீழாகத் தொங்கியபடி அசையாமல் இருக்கிறது, இரை கிட்டே வந்தால் விலகிப் போகிறது.* தோலுரிப்பு நெருங்குகிறது. சின்னக் குஞ்சு இரண்டு மூன்று நாள் பட்டினி கிடக்கும். இறக்கை முளைக்கும் கடைசி உரிப்புக்கு முன்னால் ஒரு வாரம், பத்து நாள்கூடப் போகும். முதுகின் மேல் இருக்கும் இறக்கை மொட்டுகள் தட்டையாக இல்லாமல் உப்பி நிற்கின்றனவா என்று பாருங்கள். உப்பியிருந்தால் சந்தேகமே வேண்டாம். டப்பாவில் கிடக்கும் உயிருள்ள இரையை அப்போதே வெளியே எடுத்துவிடுங்கள். பசித்த சுவர்க்கோழி, தோல் உரித்துக்கொண்டிருக்கும் பூச்சியை உயிரோடு கடித்துத் தின்னும்.

*தோல் உரித்து ஒரு நாள் ஆகவில்லை.* தாடை இன்னும் இறுகவில்லை. குஞ்சுக்கு ஒரு நாள், பெரியதற்கு இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டுத் தீனி கொடுங்கள்.

*வயிறு ஒட்டிப்போயிருக்கிறது, ஆனாலும் மறுக்கிறது.* இங்கேதான் வேலை இருக்கிறது. வரிசையாகப் பாருங்கள்:

– தண்ணீர் குடித்ததா? தாகத்தில் இருக்கும் பூச்சி இரையைத் தொடாது. ஸ்ப்ரே பாட்டிலால் சுவரில் இரண்டு அடி அடியுங்கள். வாயை வைத்துச் சொட்டு சொட்டாக உறிஞ்சுவதைக் கண்ணால் பார்க்கலாம். குடித்த ஒரு மணி நேரத்தில் மறுபடி இரையைக் காட்டிப் பாருங்கள்.

– இரை பெரிதா? பூச்சியின் நீளத்தில் பாதிக்கு மேல் போனால் பயந்து பின்வாங்கும். பிறந்த குஞ்சுக்குப் பழ ஈ தவிர வேறு எதுவும் பெரிதுதான்.

– இரை அசைகிறதா? அசைவதைத்தான் அது இரையாகவே எண்ணும். அடியில் தாளுக்குக் கீழே புகுந்துவிட்ட மீல்வார்ம் (தீனிக்காக வளர்க்கும் வண்டுப் புழு) அதன் கணக்கில் இல்லை. சாமணத்தில் பிடித்து முகத்துக்கு முன்னால் மெதுவாக ஆட்டுங்கள்.

– டப்பா ஏசிக் காற்றுக்கு நேரே இருக்கிறதா? இருபது டிகிரிக்குக் கீழே போனால் செரிமானம் மந்தமாகிவிடும். அறையின் வேறு மூலைக்கு மாற்றினாலே போதும்.

– வயலின் கும்பிடுபூச்சியா? அது தரையில் ஊரும் எதையும் பெரும்பாலும் தொடாது. பறக்கும் ஈயும் நல்ல வெப்பமும் வேண்டும்.

– வளர்ந்த ஆணா? ஆண்கள் எப்போதுமே கொறிப்புதான். அதன் மெலிந்த வயிற்றைப் பெண்ணின் வயிற்றோடு ஒப்பிட வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் மறுத்தால் கையால் ஊட்டிப் பாருங்கள். ஈயையோ சுவர்க்கோழியையோ நறுக்கி, ஈரம் கசியும் பக்கத்தை வாயில் தொடவையுங்கள். முதலில் முன்காலால் தள்ளிவிடும். அந்த ருசி வாயில் பட்டுவிட்டால் தானே பிடித்துக்கொண்டு மெல்ல ஆரம்பிக்கும். தண்ணீரில் கரைத்த தேன் ஒரு சொட்டு வைப்பதும் உண்டு; அது ஒருநாள் தெம்புக்குத்தான், தீனிக்கு மாற்று இல்லை.

பழ ஈக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. அதிகம் கனிந்த வாழைப்பழத்தை ஒரு பாட்டிலில் போட்டுத் திறந்து வைத்தால் சாயங்காலத்துக்குள் வந்து சேரும். வாயை மெல்லிய துணியால் கட்டிவிடுங்கள். நம் ஊர் வெப்பத்தில் பத்துப் பன்னிரண்டு நாளில் அடுத்த தலைமுறை தயார். வெளியே பழம் வைக்கும் இடத்தில் மட்டும் கவனம்: மருந்தடித்த வயல், மருந்தடித்த மாடி வீட்டுத் தோட்டம் பக்கத்தில் இருந்தால் அந்த ஈ வேண்டாம்.

அறிகுறி: தோலுரிப்பில் சிக்கல்

வளர்ப்பில் அதிகம் உயிர் போவது இங்கேதான். உரிக்கும்போது பூச்சி பின்கால்களால் கூரையைப் பற்றித் தலைகீழாகத் தொங்குகிறது. தோல் மார்புப் பக்கம் பிளக்கிறது, உடல் தன் எடையாலேயே கீழ்நோக்கி வழுக்கி வெளியே வருகிறது. அதற்குக் கீழே இடம் வேண்டும். மேலே பிடிமானம் வேண்டும். காற்றில் ஈரம் வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தால் கீழே உள்ளதில் ஏதாவது ஒன்று நடக்கும்.

*பாதி உரித்த நிலையில் நின்றுவிட்டது.* கடிகாரத்தைப் பாருங்கள். நல்லபடியாகப் போகும் உரிப்பு அரை மணி நேரத்துக்குள் முடியும். நடுவில் சில நிமிடம் அசையாமல் தொங்கி ஓய்வெடுப்பதும் வழக்கம்தான். அந்த ஓய்வைப் பார்த்துப் பதறித் தொட்டால் கெட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே இருந்தால் மட்டும் தலையிடுங்கள்: வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை டப்பாவைச் சுற்றிப் போடுங்கள். உள்ளே ஸ்ப்ரே அடிப்பதானால் சுவரில் மட்டும். காலில் மட்டும் தோல் ஒட்டிக்கொண்டிருந்தால் மெல்லிய தூரிகையை வெந்நீரில் தொட்டு அந்த இடத்தை நனைத்துக்கொண்டே இருங்கள். பிடித்து இழுக்காதீர்கள். தோலோடு காலும் வந்துவிடும்.

*உரிக்கும்போதே கீழே விழுந்துவிட்டது.* இதில் நேரம்தான் மருந்து. உடல் மெத்தென்று இருக்கும் சில நிமிடங்களுக்குள் தூக்கித் தொங்கவிட்டால் பிழைக்கும். கீழே கிடந்தபடியே இறுகினால் கோணல் நிரந்தரம். உடலைத் தொடாமல், பழைய தோலின் வால் பக்கத்தைச் சாமணத்தால் பிடியுங்கள். அந்தத் தோலின் நுனியைச் சின்ன டேப்பால் கூரையில் ஒட்டுங்கள். தலை கீழே பார்க்கத் தொங்க வேண்டும். தோல் முழுவதும் கழன்ற பிறகு விழுந்திருந்தால், ஒரு துண்டுக் கொசுவலையை அதன் கால்களுக்குப் படும்படி சாய்த்து வையுங்கள்; பற்றிக்கொண்டதும் வலையோடு சேர்த்துத் தலைகீழாகத் திருப்பித் தொங்கவிடுங்கள்.

விழுந்த காரணம் அநேகமாகக் கூரைதான். வழவழப்பான பிளாஸ்டிக் மூடியில் சின்னக் குஞ்சு ஒட்டி நிற்கும். வளர்ந்த பிறகு எடை கூடிப்போய் வழுக்கும். மூடியின் உள்பக்கம் கொசுவலைத் துணியை ஒட்டினால் பத்து ரூபாய்ச் செலவோடு தீர்ந்தது. அடுத்து, கூரைக்கு நேர்கீழே இருக்கும் குச்சி, பிளாஸ்டிக் பூ எல்லாவற்றையும் ஓரத்துக்குத் தள்ளுங்கள். அலங்காரம் நம் கண்ணுக்குத்தான். பூச்சி உரித்து இறங்கும்போது அது தலையில் இடிக்கும்.

*உரித்து முடித்தது, ஆனால் கால் கோணல்.* குஞ்சா, வளர்ந்ததா என்று பாருங்கள். குஞ்சென்றால் அடுத்தடுத்த உரிப்பில் நேராகிவிட வாய்ப்பு உண்டு. கால் உடைந்து விழுந்திருந்தால்கூட மறுபடி முளைத்து வரும், முதலில் குட்டையாக. இறக்கை வந்துவிட்டால் இனி உரிப்பு கிடையாது, இருப்பது இருப்பதுதான். நடு, பின் கால்களில் ஒன்று கோணினால் சமாளித்துக்கொள்ளும். முன்கால் இரண்டும் கோணிவிட்டால் வேட்டையாடாது, ஆயுசு முழுக்க நீங்கள்தான் ஊட்ட வேண்டும். கோணிய கால் அடுத்த உரிப்புக்குத் தடையாக இருக்கும் என்று தோன்றினால் அதை வெட்டும் வேலையை நீங்களாகச் செய்யாதீர்கள். பல தலைமுறை வளர்த்துப் பழகிய ஒருவர் பக்கத்தில் இருந்தால் அவரிடம் காட்டுங்கள்.

*இறக்கை விரியாமல் கசங்கிவிட்டது.* பார்க்க நன்றாக இருக்காது. வேறு கெடுதல் இல்லை. அடிக்கடி கசங்கினால் கடைசி உரிப்பு சமயத்தில் ஈரம் போதவில்லை என்று பொருள். சென்னை போன்ற கடலோரத்தில் இது குறைவு. ஏசி இரவு முழுக்க ஓடும் அறையிலும், உள்மாவட்டங்களின் சித்திரை வெயிலிலும்தான் பார்க்கலாம். வயலின் வகைக்கு மட்டும் ஈரத்தைக் கூட்டாதீர்கள். அது வறட்சி தாங்கும் பூச்சி, தினம் ஒரு லேசான தெளிப்பு போதும்.

தொங்கவும் முடியவில்லை, உண்ணவும் முடியவில்லை, உடல் முறுகிக் கிடக்கிறது என்றால் வேதனையை நீட்டாமல் முடித்துவிடுவதே நல்லது. சின்ன டப்பாவில் மூடி ஃப்ரீசரில் ஒரு இரவு வையுங்கள். குளிரில் மயங்கி அப்படியே போய்விடும்.

அறிகுறி: கால் நடுங்குகிறது, தள்ளாடுகிறது, மல்லாந்து கிடந்து உதைக்கிறது

மெதுவாக முன்னும் பின்னும் ஆடுவதை இதோடு குழப்பாதீர்கள். அது காற்றில் ஆடும் இலைபோல் பாசாங்கு, நல்ல குணம். நடுங்குவது வேறு: ஆறு காலும் ஒத்துழைக்காது, பாதம் பிடி தவறும், வாயில் ஈரம் கசியும்.

கிட்டத்தட்ட எப்போதும் விஷம்தான். கொசுவத்தியிலும் லிக்விடிலும் இருப்பது பைரெத்ராய்டு வகை மருந்து. பூச்சியின் நரம்பைத் தாக்கவே செய்யப்பட்டது. கொசுவுக்கு எமன் என்றால் கும்பிடுபூச்சிக்கும் எமன்தான். மற்ற சந்தேக நபர்கள்: கரப்பான் ஸ்ப்ரே, எறும்புச் சாக்பீஸ், எறும்புப் பொடி, அலமாரியின் பாச்சை உருண்டை, நாய்க்கு முதுகில் விடும் உண்ணி மருந்து (நாயைத் தடவிய கையால் பூச்சியை எடுத்தால் போதும்), தெருவில் வரும் கொசுப் புகை வண்டி. கடையில் வாங்கிய பூங்கொத்திலிருந்து குச்சி எடுத்து வைத்தீர்களா என்றும் யோசியுங்கள். வீட்டில் மருந்து தின்று தள்ளாடும் கரப்பானைப் பிடித்துத் தீனியாகப் போட்டதும் கணக்கில் வரும்.

செய்ய வேண்டியது: உடனே திறந்த காற்றுள்ள வேறு இடத்துக்கு, வேறு சுத்தமான டப்பாவுக்கு மாற்றுங்கள். பழைய டப்பாவைத் துடைத்துப் பயனில்லை. வலைத்துணியைத் தூக்கி எறியுங்கள். குடிக்கச் சொட்டு நீர் காட்டுங்கள், தீனி வேண்டாம். ஒரு நாள் தாண்டினால் தேறிவிடலாம். மாற்று மருந்து என்று எதுவும் கிடையாது. யாராவது சொட்டு மருந்து விற்றால் வாங்காதீர்கள்.

இனிமேலுக்கு: பூச்சி இருக்கும் அறையில் கொசுவலை கட்டிப் படுங்கள். வீட்டுக்குப் பூச்சி மருந்து அடிக்க ஆள் கூப்பிடுவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லி, டப்பாக்களை வேறு வீட்டில் சில நாள் விட்டுவிடுங்கள். வாசனை அடங்கியதும் கொண்டுவரலாம் என்று நினைக்க வேண்டாம். வாசனை போனபிறகும் மருந்து சுவரில் நிற்கும்.

அறிகுறி: வாயிலிருந்து கறுப்புத் திரவம், அழுகல் வாடை

தின்றதை ஒருமுறை கக்கியது, நிறம் இரையின் நிறமே என்றால் பெரிய இரை அல்லது அளவுக்கு மீறிய தீனி. மூன்று நாள் தண்ணீர் மட்டும் கொடுங்கள்.

கறுப்பாக, நாற்றத்தோடு, திரும்பத் திரும்ப வந்தால் குடலில் நுண்ணுயிர்த் தொற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அழுக்கான இடத்தில் வளர்ந்த சுவர்க்கோழி, காற்றோட்டம் இல்லாத ஈரமான டப்பா, இரண்டும் சேர்ந்த இடத்தில் வருகிறது. தனியே பிரியுங்கள். டப்பாவைக் காயவிடுங்கள், பக்கவாட்டில் வலை வைத்துக் காற்று விடுங்கள். இரையை ஈக்கு மாற்றுங்கள். சுவர்க்கோழிகளை வாங்கிய அன்றே போடாமல் கேரட், கீரை கொடுத்து இரண்டு நாள் வைத்திருந்து, செத்தவற்றைப் பொறுக்கிவிட்டுப் பிறகு போடுவது நல்ல பழக்கம்.

ஒரு பூச்சிக்கு வந்தால் இவ்வளவே. வரிசையாகப் பல டப்பாக்களில் வந்தால்தான் வெளியே கேட்க வேண்டும். பூச்சிக்கென்று கால்நடை மருத்துவர் நம் பக்கம் கிடைப்பது அரிது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களின் பூச்சியியல் துறை, அல்லது பக்கத்துக் கல்லூரியின் விலங்கியல் துறை பொருத்தமான இடம். செத்த பூச்சியை மூடிய டப்பாவில் போட்டு, என்ன தீனி போட்டீர்கள் என்ற குறிப்போடு எடுத்துப் போங்கள்.

அறிகுறி: கண் கறுத்துவிட்டது

இரவில் இரு கண்ணும் முழுதாகக் கறுத்து, காலையில் வெளுத்தால் இயல்பு. நீங்கள் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் உங்களையே பார்க்கும் சின்னக் கறுப்புப் புள்ளியும் இயல்பு. பகலிலும் மாறாத, ஒரே இடத்தில் நிற்கும் பழுப்புத் திட்டு மட்டும்தான் கோளாறு: கண்ணாடிச் சுவரில் கண்ணைத் தேய்த்ததால் வந்தது. வெளிச்சம் வரும் பக்கத்தில் தாள் ஒட்டுங்கள், உள்ளே ஏறி இறங்கக் குச்சி கூடுதலாக வையுங்கள், முடிந்தால் வலைக்கூண்டுக்கு மாற்றுங்கள். குஞ்சுக்கு உரிப்பில் குறையும்.

அறிகுறி: டப்பாவில் பூஞ்சை, நாற்றம், பொடி ஈ, பொடி உண்ணி

கும்பிடுபூச்சியின் எச்சம் காய்ந்த சிறு உருளைகளாக விழும், தானாக நாறாது. நாறினால் வேறு ஏதோ இருக்கிறது. முதலில் தாளைத் தூக்கிப் பாருங்கள்: செத்த சுவர்க்கோழி கிடக்கும். இல்லையென்றால் தின்று மீந்த தலை, கால், இறக்கைகள் ஈரத்தில் ஊறியிருக்கும்.

எச்சத்தின் மேல் வெள்ளைப் பஞ்சுபோல் பூஞ்சை வந்தால் தண்ணீர் தெளிப்பு அதிகம், காற்று குறைவு. காலையில் தெளித்தது மதியத்துக்குள் காய வேண்டும். காயாவிட்டால் மூடியில் ஓட்டையைக் கூட்டுங்கள். அடியில் தென்னைநார்த் தூள் போடுவதைவிடச் சமையலறைத் தாள் மேல் என்பேன். அழகு குறைவு, ஆனால் வாரம் ஒருமுறை உருவி எறிந்துவிட்டுப் புதிது போடலாம், உள்ளே என்ன நடக்கிறது என்பதும் தெரியும். மீந்த இரைத் துண்டுகளைச் சாமணத்தால் அன்றன்றே எடுங்கள்.

வெள்ளைப் பொடிபோல் ஊரும் உண்ணிகள் இருந்தால் பெரும்பாலும் தீனி டப்பாவிலிருந்து, அதாவது மீல்வார்ம் தவிட்டிலிருந்து வந்தவை. தவிட்டை மாற்றாமல் பூச்சி டப்பாவை மட்டும் கழுவினால் அடுத்த வாரம் மறுபடி வரும்.

கழுவ: பூச்சியை வெளியே ஏற்றிவிட்டு, கொதிநீர் ஊற்றித் தேய்த்து, நன்றாக அலசி, வெயிலில் காயவைத்தால் போதும். ஃபினாயில், டெட்டால், வாசனைத் தரை திரவம் எதுவும் வேண்டாம். உரிப்பு நெருங்கியிருந்தாலோ, உரித்து இரண்டு நாள் ஆகாமல் இருந்தாலோ நாற்றம் அடித்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுத்தம் செய்யும்போதெல்லாம் உங்களுக்குத் தும்மல், கண் அரிப்பு, மூச்சிறைப்பு வந்தால் அது சுவர்க்கோழி எச்சத்தூளுக்கோ பூஞ்சைக்கோ ஒவ்வாமையாக இருக்கலாம். முகக்கவசம் போட்டுப் பாருங்கள். மூச்சிறைப்பு இருந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போங்கள்.

அறிகுறி: டப்பாவுக்குள் எறும்பு வரிசை

இது அவசரம். உரிக்கும் பூச்சியையோ குஞ்சுகளையோ சிவப்பெறும்பு ஒரே இரவில் முடித்துவிடும். சாக்பீஸ் போடக் கை போகும். போடாதீர்கள், மேலே நடுக்கம் பகுதியைப் பாருங்கள். டப்பாவை ஒரு கிண்ணத்தின் மேல் வைத்து, கிண்ணத்தைத் தண்ணீர்த் தட்டின் நடுவில் வையுங்கள். தட்டு நீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்பு விட்டால் எறும்பு மிதந்து கடக்காது. டப்பா சுவரையோ திரைச்சீலையையோ தொடாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். பாலம் அங்கேதான் இருக்கும்.

அறிகுறி: முட்டைக்கூடு பொரியவில்லை

ஆணோடு சேராத பெண்ணும் கூடு வைக்கும், அது பொரியாது. சேர்ந்ததுதான் என்றால் நம் வெப்பத்தில் நான்கிலிருந்து ஆறு வாரம் பொறுங்கள், இரண்டு நாளுக்கு ஒருமுறை லேசாகத் தெளியுங்கள்.

கூட்டின் பக்கவாட்டில் ஊசி குத்தியதுபோல் சிதறிய வட்ட ஓட்டைகள் இருந்தால் உள்ளே இருந்தது குளவி. போடாக்ரியான் என்னும் மிகச் சிறிய குளவிகள் கும்பிடுபூச்சியின் கூட்டுக்குள் முட்டையிடும். தோட்டத்திலிருந்து எடுத்துவந்த கூட்டில் இது சகஜம். கும்பிடுபூச்சிக் குஞ்சுகள் நடுவில் ஓடும் பட்டையின் வழியாகத்தான் வரும். கூட்டைத் தனி டப்பாவில், மெல்லிய துணி மூடி வைத்தால் எது வந்தாலும் வீடெங்கும் பரவாது.

நல்லபடி பொரிந்தால் நூற்றுக்கு மேல் குஞ்சுகள் ஒரே காலையில் கொட்டும். முன்பே பழ ஈ தயாராக இல்லையென்றால் ஒன்றையொன்று தின்ன ஆரம்பிக்கும். நம் ஊர் வகை என்றால் மிகுதியை மருந்தடிக்காத செடிகளில் பரவலாக விட்டுவிடலாம். வெளிநாட்டு வகையை வெளியே விடவே கூடாது. மிகுதியான கூடுகளை ஃப்ரீசரில் போடுங்கள்.

அறிகுறி: பாதங்கள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன, வழுக்குகிறது, நிறம் மங்குகிறது

இறக்கை வந்து எத்தனை மாதம் என்று டப்பாவின் டேப்பில் பாருங்கள். ஆண்கள் இரண்டு மூன்று மாதம், பெண்கள் ஐந்தாறு மாதம் போனால் இது முதுமை. சரிசெய்ய ஒன்றுமில்லை. டப்பாவின் உயரத்தைக் குறைத்து, அடியில் மெத்தென்று தாள் போட்டு, விழுந்தால் வயிறு கிழியாதபடி பாருங்கள். தீனியைக் கையால் கொடுங்கள், பாதி அளவு போதும்.

அறிகுறி: வயிற்றிலிருந்து கறுத்த நூல் போன்ற புழு நெளிந்து வருகிறது

வெளியே பிடித்துவந்த பூச்சியில் மட்டும் காணும் குதிரைமுடிப் புழு. பூச்சியின் நீளத்தைப்போல் பல மடங்கு இருக்கும், பார்ப்பவர் அலறுவார். மனிதரைத் தொற்றாது. இழுக்காமல் தானே வெளியேற விடுங்கள். பிறகு பூச்சி பிழைத்தால் தண்ணீரும் மெல்லிய இரையும் கொடுங்கள், பெரும்பாலும் பிழைப்பதில்லை. மருந்து கிடையாது, யாரிடமும் எடுத்துச் செல்ல வேண்டியதும் இல்லை. அந்தப் புழுவை மட்டும் பக்கத்து டப்பாக்களின் தண்ணீரில் விழவிடாமல் அப்புறப்படுத்துங்கள்.